மைனாவுக்கு எதிராக யானை

யானையைக் கட்டித் தீனி போடுவதற்காகவே ஏற்பட்டது போன்ற ஒரு நாடு, கம்பீரபுரி. மலையைத் தாண்டி எதிரி வந்தால் மிதித்துத் தள்ளுவதற்கென்று அங்கே பெரியதொரு யானைப்படை இருந்தது. எந்த எதிரியும் வரவில்லை. அதுவே யானைப்படையின் வெற்றி என்று ஆண்டுதோறும் விழா எடுத்தார்கள். விழாவுக்கு வர முடியாத ஏழைகள் கரும்பு மட்டும் அனுப்பிவைத்தால் போதும் என்ற சலுகையும் உண்டு.

மலைக்கு அப்பால் இருந்த நாட்டில் ஒரு யானைகூடக் கிடையாது. அற்பர்கள், மைனா வளர்த்தார்கள். அந்த மைனாக்களுக்குக் கம்பீரபுரி அரசரின் குரலில் ஒரே ஒரு வாக்கியத்தைப் பழக்கினார்கள்: “கதவைத் திற!”

கம்பீரபுரியில் அரச கட்டளை காதில் விழுந்ததும் குனிந்துகொள்ள வேண்டும். நிமிர்ந்து பார்ப்பது ராஜகுற்றம். எனவே களஞ்சியக் காவலர்கள் அந்தக் குரல் கேட்டதும் குனிந்தார்கள், குனிந்தபடியே கதவைத் திறந்தார்கள். மைனாக் கூட்டம் உள்ளே புகுந்து வயிறாரத் தின்றுவிட்டுப் பறந்தது. காவலர்களின் பணிவில் மட்டும் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஊரார் அடுத்த மழைக்கு விதைக்க வைத்திருந்த சோளமும் அங்கேதான் இருந்தது. மூலையில் சிதறிக் கிடந்ததைக் கூட்டி அள்ளியதில் வேலாத்தாள் என்ற விவசாயிக்கு ஒரு முறம் தேறியது. அதை விதைத்தால்தான் அடுத்த வருடம் அவள் வீட்டில் அடுப்பு எரியும். அவள் நேரே படைத்தலைவர் மதகரிராயரிடம் போனாள்.

“ஏனுங்க, கதவத் தொறக்கறப்ப ஒருத்தரு தலையத் தூக்கிப் பார்த்தாப் போதுமுங்களே. மைனாவா, மவராசாவான்னு தெரிஞ்சு போயிருமே.”

“அதற்கு எவ்வளவு செலவாகும்?”

“செலவு ஒண்ணும் இல்லீங்க.”

மதகரிராயர் முகம் சுளித்தார். “செலவே இல்லாமல் ஒரு நாட்டைக் காப்பதா? உலகம் நம்மை மதிக்குமா, அம்மா? தவிர, தலையைத் தூக்குகிற பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் போகாது.”

“அப்ப யானை மைனாவப் புடிக்குமுங்களா?”

“பிடிக்காது. ஆனால் மைனா அஞ்சும்.”

களஞ்சியத்தைச் சுற்றி யானைகளை நிறுத்தினார்கள். மைனாக்கள் அவற்றின் முதுகில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு, வழக்கம்போல் கதவைத் திறக்கச் சொல்லின. மைனா தின்ற மிச்சத்தைக் காவல் யானைகள் தின்றன. உயரத்தில் பறக்கும் எதிரிக்கு உயரமான யானை வேண்டும் என்று நிபுணர் குழு ஒன்று கண்டுபிடித்தது. யானைகளுக்கு மரக்கால் கட்டினார்கள். அவை சாய்ந்து விழுந்ததில் நசுங்கிய குடிசைகளை, எதிரியின் தாக்குதலில் சேதமானவை என்று அறிவித்தார்கள். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. யானைகளுக்கு அந்தக் கவலை இல்லை, நன்றாகச் சாப்பிட்டிருந்தன.

மழை வந்தது. வேலாத்தாள் முறத்தோடு விதைக்கக் கிளம்பிய காலையில் முரசு முழங்கி, எல்லோரையும் அரண்மனை முற்றத்துக்கு அழைத்தார்கள். மக்கள் குனிந்து நிற்க, மேலே மாடத்திலிருந்து அரசரின் குரல் கேட்டது.

“யானைப்படை இன்று முதல் இருமடங்காகும். வீடுகளில் உள்ள தானியம் முழுவதும், விதை உட்பட, யானைகளுக்கே சேரும்.”

வேலாத்தாள் முறத்தை இறுக அணைத்துக்கொண்டாள். அவளுக்குச் சட்டென்று உறைத்தது. பெற்ற பிள்ளை போன்ற குடிகளிடம் ஓர் அரசன் இப்படிப் பேசுவானா? இது மைனாவின் வேலைதான்.

“அடச் சண்டாள மைனாவே!” என்று கத்திக்கொண்டு தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

மாடத்தில் அரசரேதான் நின்றிருந்தார்.