முப்பதாம் பிறந்தநாள் தும்மல்

அடுத்த தும்மலை அஸ்கர் மூக்கைப் பிடித்து விழுங்கினான். காது இரண்டும் அடைத்துக்கொண்டன.

“தும்மினியா?” என்று கேட்டாள் பண்ணைக்காரி போடில், கதவை மறித்தபடி.

“இல்லையே.”

“அப்புறம் மூஞ்சி ஏன் பீட்ரூட் ஆச்சு?”

மனிதர் சளி பன்றிக்குத் தொற்றும். அதனால் போடிலின் பண்ணையில் தும்முகிறவனுக்கு அனுமதி கிடையாது. தும்மாதவனும் வாசல் அறையில் குளித்து, பண்ணை உடுப்பு மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும், பாதிரியாராகவே இருந்தாலும் சரி. அஸ்கரின் கருவிப் பெட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. மருந்து போட்டுத் துடைத்து, சன்னல் வழியாக உள்ளே வேலை செய்யும் ஐனரிடம் அப்போதே கொடுத்தாயிற்று.

அஸ்கரும் இன்று உள்ளே போயே ஆக வேண்டும். இனப்பெருக்க ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிக்கான ஒரு மரபணு, பன்றியின் நோய் எதிர்ப்புச் சக்தியையும் கூட்டுகிறது என்பது அவன் ஆராய்ச்சி. அந்த மரபணு உள்ள இடது வரிசைப் பன்றிகள் சீக்கிரமே பருவத்துக்கு வந்து சினையும் ஆகிவிட்டன. அது இல்லாத வலது வரிசை இன்னும் சும்மாதான் இருக்கிறது. இரண்டுக்கும் தடுப்பூசி போட்டாயிற்று. இன்று ரத்தம் எடுக்காவிட்டால் மூன்று வருட உழைப்பும், வரவேண்டிய பட்டமும் கோவிந்தா.

பாழாய்ப்போன முப்பதாம் பிறந்தநாளும் இன்றுதானா வர வேண்டும்? முப்பதிலும் கல்யாணம் ஆகாதவனைப் பிடித்து மிளகுத்தூளால் குளிப்பாட்டுவது எங்கள் டென்மார்க்கில் ஒரு மரியாதை. ஆய்வகத்தில் ட்ரூல்ஸும் மற்றவர்களும் காலையிலேயே அதைக் குறைவில்லாமல் செய்திருந்தார்கள்.

“இது மிளகு, போடில். சளி இல்ல.”

“போன வருஷம் ஒருத்தன் தூசின்னான். பாதிக் குட்டிங்க காய்ச்சல்ல படுத்துச்சு. போ, இன்னொரு தரம் குளி.”

குளித்தான். தலையில் மிச்சமிருந்த மிளகெல்லாம் தண்ணீரோடு கண்ணுக்குள் இறங்கியது.

“கண்ணும் செவந்துடுச்சா? முத்திடுச்சு தம்பி உனக்கு.”

மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டான். தும்மல் நின்றது, ஆனால் குரல் சளிப்பிடித்தவன் குரலாகிவிட்டது. போடில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வெந்நீரில் குளித்த நெற்றி கொதித்தது.

“காய்ச்சல் வேற.”

“என்னை நம்பலைன்னா ட்ரூல்ஸைக் கேளுங்க,” என்று போனைப் போட்டுக் கொடுத்தான்.

“ஆமா போடில், நாங்கதான் மிளகைக்...” என்று ஆரம்பித்த ட்ரூல்ஸ் பெரிதாகத் தும்மினான். அவனுக்குப் பின்னாலும் நாலைந்து பேர் தும்முவது கேட்டது.

போடில் போனைத் திருப்பிக் கொடுத்தாள். “ஊரே படுத்துடுச்சு போலிருக்கே.”

அஸ்கருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. “முப்பது வயசாச்சு. பொண்டாட்டியும் இல்ல. பட்டமும் இல்லாமப் போயிடும், போடில்.”

அதில் அவள் மனம் கொஞ்சம் இளகியது. மூன்றாம் முறை தலையைச் சுரண்டிக் குளிக்க வைத்தாள், முகமூடி மேல் முகமூடி கட்டினாள், காவலுக்குத் தானும் கூடவே வந்தாள்.

கொட்டகைக் கதவைத் திறந்ததும் தும்மல் கேட்டது. அஸ்கர் தும்மவில்லை. வலது வரிசைப் பன்றிகள் ஒன்று விடாமல் தும்மிக்கொண்டிருந்தன.

போடில் சுவரில் சாய்ந்துவிட்டாள். “என் குடியைக் கெடுத்தியே. போன தடவை ஊசி போட வந்தப்பவே ஒட்டவெச்சுட்டுப் போயிருக்கே.”

அஸ்கர் இடது வரிசையைப் பார்த்தான். அங்கே ஒன்றுகூடத் தும்மவில்லை, எல்லாம் நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தன.

“போடில், அங்க பாருங்க. மரபணு இருக்கிறதுக்கு ஒண்ணுமே ஆகல. ரத்தமே எடுக்க வேணாம், கண்ணுக்கு நேரா நிரூபணம்.”

“அப்ப உனக்குச் சளிதான்னு ஒத்துக்கிறியா?”

“ஒத்துக்கிறேன். எழுதியே கொடுக்கிறேன்.” சந்தோஷம் தாங்காமல் அவளைக் கட்டிக்கொண்டான். அவள் பிடித்துத் தள்ளினாள்.

தீவன மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஐனர் காலி டப்பாவும் கையுமாகத் தயங்கித் தயங்கி வந்தார்.

“கோவிச்சுக்காதே தம்பி. உனக்குக் கொட்டச் சொல்லி ட்ரூல்ஸ் பெட்டிக்குள்ள மிளகு வெச்சு அனுப்பியிருந்தான். நீ குளிச்சு வர்ற வழியாக் காணோம், வீணாப் போகுதேன்னு இந்த வரிசைக்குக் கொட்டிட்டேன். அந்த வரிசை எல்லாம் குடும்பமாயிடுச்சு, அதுங்க மேல கொட்டினா முறையா?”