ஐந்தாம் வகுப்பில் புகுந்த கடல்

நீலப்பொடி தோய்த்த நூலை இழுத்துப் பிடித்து, ஐந்தாம் வகுப்புச் சுவரில் ஓவியர் ஒரு கோடு அடித்தார். அடித்த மறுகணமே ஒரு சிறுமி விசும்பத் தொடங்கினாள்.

"சார், கோடு என் மூக்குக்கு மேல போகுது. அப்ப நான்தான் முதல்ல சாவேனா?"

வகுப்பிலேயே குள்ளமான அவளுக்குக் குண்டூசி என்று பட்டப்பெயர். அருகில் நின்ற நெட்டைப் பையனுக்குக் கொக்கு என்று பெயர். அவன் கோட்டோடு ஒட்டி நின்று பார்த்து மகிழ்ந்தான்.

"எனக்கு நெஞ்சு வரைக்கும்தான்! நான் தப்பிச்சேன்டி!"

பருவநிலை மாற்றத்தை ஓவியத்தின் வாயிலாக மாணவர்க்கு உணர்த்தும்பொருட்டு, அப்பள்ளி ஓவியரை ஒரு வாரத்திற்கு அழைத்திருந்தது. கடல் உயர்ந்தால் நீர் எதுவரை வரும் என்று காட்டவே அக்கோடு. வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி பார்வையிட வருவார். அவர் மனம் நிறைந்தால் ஓவியருக்கு அப்பள்ளியிலேயே ஓவிய ஆசிரியர் பணி நிரந்தரமாகும். நாற்பத்தாறு வயது ஓவியரின் வாழ்வில் அதுவரை தலைவலி ஒன்றே நிரந்தரமாயிருந்தது. "இதையாவது கெடுத்துக்காம வாங்க" என்று மனைவி வாழ்த்தி அனுப்பியிருந்தாள்.

"அழாதம்மா, கடலை இறக்கிடறேன்" என்ற ஓவியர், கோட்டைக் குண்டூசியின் இடுப்பளவுக்குத் தாழ்த்தினார்.

"என் தங்கச்சி எல்.கே.ஜி. சார்" என்றாள் மற்றொருத்தி. "அவ இதுலயும் முழுகிடுவாளே?"

ஆகவே ஓவியர் கோட்டின்மீது மூன்று பாய்மரப் படகுகளை வரைந்து, அவரவர் உருவத்தை அவற்றில் தீட்டுமாறு பணித்தார். படகொன்றுக்குப் பத்துப் பேர். வகுப்பிலோ முப்பத்தேழு பேர். வகுப்புத் தலைவி உடனே பட்டியல் எழுத அமர்ந்தாள்.

"நீ என் பென்சிலை உடைச்சேல்ல? உனக்கு இடம் கிடையாது. நீந்திக்க."

மறுநாள், இடங்கிடைக்காத எழுவரின் தாய்மாரும் தலைமையாசிரியரின் அறையில் கூடிவிட்டனர்.

"என் பொண்ணு நேத்துலேருந்து கட்டிலை விட்டு இறங்க மாட்டேங்குறா சார்! தரையெல்லாம் கடலாம்!"

"என் பையனையும் அந்த லிஸ்ட்ல சேருங்க. இல்லேன்னா டி.சி.யைக் குடுங்க!"

அவர்கள் சென்றபின் தலைமையாசிரியர் ஓவியர்மீது பாய்ந்தார்.

"பிள்ளைங்களைப் பயமுறுத்தவா உங்களைக் கூப்பிட்டேன்? இந்த ஸ்கூலுக்கு எங்கேருந்துங்க கடல் வரும்? நாளைக்கு அதிகாரி வர்றார். கோடு, படகு, ஒண்ணும் இருக்கக்கூடாது!"

ஓவியர் ஒரு தகட்டை எடுத்துச் சுவரைச் சுரண்டலானார். படகுகள் போயின, பாய்மரங்கள் போயின, அவற்றோடு சுண்ணாம்பும் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. பெயர்ந்த இடத்தில் அழுக்குப் பழுப்பில் வேறொரு கோடு தலைகாட்டிற்று. அதையும் அழிக்கும் நோக்கத்தோடு அவர் சுரண்டச் சுரண்ட, அது நாற்புறச் சுவரையும் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிந்தது. அது கொக்கின் தலைக்கும் ஒரு சாண் மேலே இருந்தது.

வெள்ளிக்கிழமை வகுப்பினுள் வந்த கொக்கு அண்ணாந்து பார்த்தான்.

"சார், நானும் போயிட்டேனா?"

பதில் சொல்லுமுன் அதிகாரி வந்துவிட்டார். அவர் சுவரருகே சென்று பழுப்புக் கோட்டை விரலால் தடவினார். தலைமையாசிரியருக்கு வியர்த்தது. ஓவியர் தம் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அடடா!" என்றார் அதிகாரி. "அசல் வெள்ளக்கறை மாதிரியே இருக்கே! காய்ஞ்ச சேறு, பூத்த உப்பு... எப்படிங்க வரைஞ்சீங்க?"

ஓவியர் உண்மையைச் சொல்ல வாய் திறந்தார். மனைவியின் நினைவு வந்தது.

"கொஞ்சம்... பொறுமை வேணுங்க" என்றார்.

"எல்லாம் இவரோட கற்பனைதாங்க! நூத்துக்கு நூறு கற்பனை!" என்று தலைமையாசிரியர் அவசர அவசரமாகக் கைதட்டினார்.

"இவரை விட்டுடாதீங்க. வேலையை நிரந்தரமாக்கிடலாம்" என்றார் அதிகாரி.

வாசலில் துடைப்பத்தோடு நின்ற துப்புரவுப் பணியாளருக்குப் பொறுக்கவில்லை.

"நல்லா இருக்குங்கய்யா நியாயம்! போன லீவுல கடல் உள்ள பூந்து நின்ன கறை அது. பெரிய சார் சொன்னாருன்னு மூணு நாள் சுண்ணாம்பு அடிச்சு மறைச்சவ நானு. சுரண்டினவருக்கு நிரந்தர வேலையா?"