கடலுக்குள் வேலி போட்டவர்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் வீட்டம்மாவும் நலம், வீடும் நலம். வீட்டையும் சேர்த்து ஒருவன் நலம் எழுதினால் அவன் குடியிருப்பது கடலோரம் என்று தெரிந்துகொள்ளலாம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும், என் மகளும் மாப்பிள்ளையும் நலம்தானே?

"கடல் வாசலுக்கே வந்தாச்சு, எங்க மாடி அறையில வந்து இருங்க" என்று தாங்கள் அழைத்த பெருந்தன்மையை மறக்கமாட்டேன். ஆனால் பெண்ணைக் கொடுத்த வீட்டில் பெட்டி படுக்கையோடு போய் இறங்குவதை நினைத்தால் எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. அந்தக் கவலை தீர்ந்தது!

போன புயலில் நம் பின்கதவுக்கு எதிரே மணல் அரித்துப்போய், கறுத்த மரக்கட்டைகள் வளைந்த வரிசையாகத் தலைநீட்டின. நானோ காலமெல்லாம் நிலம் அளந்த சர்வேயர்; நட்ட கட்டையைக் கண்டால் ஆக்கிரமிப்புதான் ஞாபகம் வரும். பக்கத்து வீட்டுத் தையல்காரர்தான் இடம் வளைக்கிறார் என்று முடிவுகட்டி, வரைபடத்தோடு புகார் கொடுத்துவிட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்: "என் மதிலயே கடல் முழுங்கிடுச்சு. நான் எதுக்கு சார் கடலுக்குள்ள போய் வேலி போடப்போறேன்?" நடுவில் ஒரு மரம் வேர் மேலே வரும்படி தலைகீழாக வேறு நின்றது. 'வேலை தெரியாத ஆள் நட்டது' என்று அதையும் புகாரில் சேர்த்தேன்.

விசாரிக்க வந்த அதிகாரி கட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு யாருக்கோ போன் செய்ய, தொல்பொருள் துறையிலிருந்து ஒரு அம்மையார் வந்து, மண்டியிட்டு, பிரஷ்ஷால் துடைத்து, ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பி, கடைசியில் என்னிடம் சொன்னார்: "நட்டவங்களைக் கண்டுபிடிச்சாச்சு சார். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்தவங்க. நோட்டீஸை எந்த விலாசத்துக்கு அனுப்பறது?" வீட்டம்மா அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்தவள்தான். தையல்காரர் என் சட்டைத் துணியைத் தைக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்.

அவமானம் கிடக்கட்டும், கேளுங்கள். தடுப்புச்சுவர் கேட்டு நான் மனுப்போட்டுத் தேய்ந்ததுதான் மிச்சம், ஒரு கூடைக் கல் வரவில்லை. இந்தப் பட்ட மரங்களைக் கடல் கொண்டுபோய்விடும் என்று அந்த அம்மையார் ஒரு சத்தம் போட்டார், லாரி லாரியாகப் பாறை வந்து இறங்கிவிட்டது! மரத்துக்குப் போட்ட அணையில் மனிதனும் பிழைத்தான். இப்போது அலை பாறையில் முட்டிக்கொண்டு திரும்பிப்போகிறது. அதைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாகத் தூங்குகிறேன். கட்டிவைத்த பெட்டிகளையெல்லாம் வீட்டம்மா அவிழ்த்துவிட்டாள்.

ஆகவே மாடி அறையைத் தாராளமாக வாடகைக்கு விடுங்கள். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் இருவருக்கும் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டும்போது அம்மையார் அளக்கும் டேப்போடு வந்தார். கட்டைகளை வட்டமாக நட்டிருக்கிறார்களாம்; கரையில் தெரிவது முக்கால் வட்டம்தானாம். மீதி எங்கே என்று தேடினார். தொழில் புத்தி சும்மா இருக்குமா? டேப்பை வாங்கி நானே அளந்து காட்டினேன். வட்டம் நேரே நம் சமையலறைக்குள் நுழைந்து கூடத்தில் முடிகிறது. "ரொம்பத் துல்லியமா அளந்தீங்க சார், வீட்டை எப்ப காலி பண்றீங்க?" என்றார். ஆக, ஆக்கிரமித்தவன் நான்தான். தையல்காரர் வாசலில் நிற்கிறார், புகார் எப்படி எழுதுவது என்று கேட்கிறார். மாடி அறையை யாருக்கும் விட்டுவிடாதீர்கள்.