என் கேட்டுக்கு எதிராக என் மகள்

மேடவாக்கம்,
வியாழக்கிழமை.

என் மனைவி ஹேமாவதியின் உடன்பிறந்த தம்பியும், செங்கல்பட்டு கோர்ட்டில் கறுப்பு அங்கியோடு உலவுகிறவனும், என் வீட்டு நிம்மதிக்குக் கொள்ளி வைத்தவனுமாகிய மச்சான் தினகரனுக்கு, மாமா கேசவன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அங்கு உன் மனைவி ஆஷாவும் குழந்தையும் நலமாக இருக்க அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன். உன் நலத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் விசாரிப்பதாக இல்லை.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்பாய். எப்போது கூப்பிட்டாலும் "கோர்ட்ல இருக்கேன் மாமா" என்று வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமையிலும் கோர்ட்டில் இருக்கிற ஒரே வக்கீல் நீதான். தபாலில் வருவதைப் பாதியில் வைக்க முடியாது அல்லவா? அதனால் எழுதுகிறேன். முழுவதும் படி.

போன பொங்கலுக்கு வந்தபோது, ஹாலில் கரும்பைத் துப்பிக்கொண்டே, நம் தமிழினியைப் பார்த்து, "உன் வாய்க்கு நீ லாயருக்குத்தான் லாயக்கு" என்று சொல்லிவிட்டுப் போனவன் நீ. சொன்னதோடு விட்டாயா? தலையணை தடிமனில் ஒரு புத்தகத்தை கூரியரில் அனுப்பினாய். அன்றைக்குப் பிடித்தது சனி. நம் மாநிலத்துச் சட்டக் கல்லூரிக்கு ப்ளஸ் டூ மார்க்கே போதும் என்று ஊரே சொல்கிறது. அது போதாதாம் உன் அக்கா மகளுக்கு. தேசியச் சட்டப் பல்கலைக்கழகமாம். அதற்குத் தனியாக நுழைவுத் தேர்வாம். அதற்காகக் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் கோச்சிங்காம். அங்கே ஜேசன் என்று ஒரு வாத்தியார், தாடி வைத்த சின்னப் பையன், பார்த்தால் நல்ல மாதிரிதான். ஆனால் அவன் சொல்லிக் கொடுப்பதைக் கேள். "கேள்வியில ஒரு விதி குடுத்திருப்பாங்க. அதை மட்டும் பாருங்க. உங்களுக்கு வெளியில தெரிஞ்சதையெல்லாம் செருப்போட வாசல்ல விட்டுட்டு வாங்க." இவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். நான் அவளுடைய அப்பா என்பதும் வெளியில் தெரிந்த விஷயம்தானே, அதையும் வாசலில் விட்டுவிட்டாள்.

காலையில் நான் பேப்பரைப் பிரித்தால் நடுப்பக்கம் முழுசாக இருப்பதில்லை. தலையங்கம் இருந்த இடத்தில் ஜன்னல் மாதிரி ஓட்டை. அது வழியாகப் பார்த்தால் அடுப்படியில் உன் அக்கா தெரிகிறாள். கேட்டால், "பேசேஜ் ப்ராக்டிஸ்ப்பா, டைம் வச்சுப் படிக்கணும்" என்கிறாள். "பால் வாங்கியாச்சாம்மா?" என்று ஒரு சாதாரணக் கேள்வி கேட்டேன். "நிச்சயமாத் தெரியாத கேள்விக்கு நான் பதில் சொல்றதில்லப்பா. தப்பாச் சொன்னா கால் மார்க் கட்" என்று அறைக்குள் போய்விட்டாள். பால் வாங்கவில்லை. அன்று எனக்குக் காபி இல்லை. இதற்கெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை மச்சான். பொறுத்துக்கொண்டேன். குழந்தை படிக்கிறாள் என்று டி.வி.யைக்கூட சத்தமில்லாமல் படமாக மட்டும் பார்த்தேன். ஆனால் கேட் விஷயத்தில் அவள் செய்ததை எந்த அப்பனும் பொறுக்க மாட்டான்.

என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு ஸ்ரீநிவாசராகவன் சார் மதிலுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறதே, அது என் இடம் என்பது உனக்குத் தெரியும். எங்கள் அப்பா நெல் போட்ட நிலத்தில் மிச்சமிருக்கிற கடைசித் துண்டு. பின் தெரு ஜனங்கள் அதன் வழியாகத்தான் மெயின் ரோட்டுக்கு, பஸ் ஸ்டாப்புக்கு, நடந்து போவார்கள். போகட்டும் என்று இருந்தேன். ஆனால் இந்த வருஷம் மெயின் ரோட்டில் நெரிசல் தாங்காமல், சாப்பாடு கொண்டு போகிற பைக் பையன்கள் எல்லாம் என் சந்துக்குள் புகுந்து பறக்க ஆரம்பித்தான்கள். ஹாரன் வேறு. உன் அக்கா வளர்த்த செம்பருத்தித் தொட்டியை ஒருத்தன் உடைத்தான். இன்னொருத்தன் என் காலில் ஏற்றிவிட்டு, "சாரி அங்கிள், ஆர்டர் லேட்டாவுது" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே சொல்லிவிட்டுப் போனான். நான் என்ன செய்ய வேண்டும், சொல்லு? சித்தாலப்பாக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி, நல்ல கனமான இரும்பு கேட் ஒன்று போட்டேன். பச்சை பெயின்ட். 'தனியார் வழி' என்று எழுத்து. எலுமிச்சம்பழம் சுற்றி, கற்பூரம் காட்டி, பூட்டைப் போட்டேன். அன்றைக்கு என் வீட்டில் நிலவிய அமைதி இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வேன்!

மறுநாள் விடியுமுன் கேட்டைப் பிடித்து யாரோ உலுக்குகிறார்கள். போய்ப் பார்த்தால் பின் தெரு சரசு. ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக வேலை பார்க்கிறவள், காலை ஷிப்டுக்கு ஓடுகிறவள். அவள் குரல் உனக்குத் தெரியாது. செங்கல்பட்டில் நீ காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் கேட்டிருக்கும்.

"இன்னா சார் இது? காலங்காத்தால கேட்டப் பூட்டிக்கினு கீறீங்க? எங்க மாமியா காலத்துலேர்ந்து இந்த வயியாதான் போய்க்கினு கீறோம். இப்ப நானு ரோட்டச் சுத்திக்கினு போனா தண்ணி லாரிக்காரன் ஏத்திட்டுப் பூடுவான். எம் பஸ்ஸு பூடும். உனுக்கு இன்னா, பேஜார் இல்லாம தூங்குவ!"

"இது என் இடம்மா. பட்டா என் பேர்ல இருக்கு" என்று மரியாதையாகத்தான் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து, கையில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு நம் வக்கீலம்மா வெளியே வந்தாள். வந்தவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவளுடைய ப்ளஸ் ஒன் ரிசல்ட் வந்தபோதுகூட நான் அதைப் பார்த்ததில்லை. "அப்பா! நேத்து மாக் டெஸ்ட்ல வந்த பேசேஜ் அப்படியே இதுதாம்ப்பா!" என்றாள்.

"சரசுக்கா, எத்தனை வருஷமா போறீங்க?"

"கல்யாணம் ஆயி வந்த நாள்லேர்ந்து. எம் பெரிய பையனுக்கே கல்யாணம் ஆயிடுச்சு பாப்பா."

"இருபது வருஷத்துக்கு மேல. யாரும் தடுக்கல, ஒளிஞ்சு மறைஞ்சு போகல. சரி. யார்கிட்டயாவது பர்மிஷன் கேட்டுட்டுப் போனீங்களா?"

இங்கேதான் எனக்கு ரோஷம் வந்தது. நான் குறுக்கே புகுந்து, தெருவே கேட்கும்படி, "எவன் கேட்டான்? இத்தனை வருஷமா ஒருத்தன், ஒரே ஒருத்தன், என்கிட்ட அனுமதின்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பானா? ஏதோ அவங்க வழி மாதிரி போனாங்க, வந்தாங்க. நானும் ஒரு வார்த்தை சொன்னதில்ல!" என்று கொட்டித் தீர்த்தேன்.

"தேங்க்ஸ்ப்பா. அதுதான் வேணும்" என்றாள்.

பிறகுதான் விளக்கினாள். இருபது வருஷம் அனுமதி கேட்காமல், உரிமையாக, எல்லார் கண்ணுக்கும் தெரிய நடந்தால் அந்த வழிக்கு அவர்களுக்கே உரிமை வந்துவிடுமாம். நான் போனால் போகிறது என்று அனுமதி கொடுத்திருந்தால்தான் அந்த உரிமை வராதாம். ஆக, நான் பெரிய மனது பண்ணிப் பேசியிருந்தால் பிழைத்திருப்பேன். கத்தியதால் மாட்டிக்கொண்டேன். இது என்ன சட்டம் தினகரா? நீங்களெல்லாம் எதைப் படித்துவிட்டு அங்கியை மாட்டிக்கொள்கிறீர்கள்?

நான் விடவில்லை. சனிக்கிழமை மாலை ஹாலிலேயே விசாரணை வைத்துக்கொள்ளலாம் என்றேன். நீதிபதி உன் அக்கா. கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டே கேட்கிறேன் என்று ஒப்புக்கொண்டாள். பின் தெருவுக்காகத் தமிழினி. என் தரப்புக்கு ஸ்ரீநிவாசராகவன் சாரைக் கூப்பிட்டேன். இன்சூரன்ஸில் பெரிய ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆங்கிலத்திலேயே தும்முகிறவர். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். காபி குடித்தார். சொத்துரிமை எவ்வளவு புனிதமானது என்று அழகாகத்தான் ஆரம்பித்தார். தமிழினி எழுந்து, "சார், நீங்க வாக்கிங் எந்த வழியாப் போவீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். "கேசவன், நீங்க தப்பா எடுத்துக்கப்படாது. நானும் கார்த்தால அந்தச் சந்து வழியாத்தான் போறேன். கேட்டைப் பூட்டினதுலேர்ந்து எனக்கு வாக்கிங்கே இல்ல. சுகர் ஏறிடுத்து" என்றார். என் வக்கீல், என் காபியைக் குடித்துவிட்டு, என் சோபாவில் உட்கார்ந்து, எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொன்னார்!

உன் அக்கா முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு, "நான் கோயிலுக்குப் போறதும் அந்த வழியாத்தான். பூட்டை எடுங்க" என்று தீர்ப்புச் சொன்னாள். மேல்முறையீடு எங்கே செய்வது என்று கேட்டேன். சாம்பார் தாளிக்கப் போய்விட்டாள்.

சரி, தோற்றேன், எழுந்து போகலாம் என்று பார்த்தால், இந்தப் பெண் மறுபடி எழுந்திருக்கிறாள். "ஒரு நிமிஷம்ப்பா. அவங்களுக்கு இருக்கிறது நடக்கிற உரிமைதான். பைக்ல போற உரிமை யாருக்கும் இல்ல. நீங்க பைக் வர்றதைத் தடுக்கலாம். ஆளு போற அளவுக்கு மட்டும் வழி விட்டாப் போதும்" என்றாள். அதாவது என்னை முதலில் தரையில் தள்ளிவிட்டு, பிறகு அவளே கை கொடுத்துத் தூக்குகிறாள். இந்தச் சலுகையை நான் கேட்டேனா? என் பக்கத்து நியாயத்தையும் அவளேதான் கண்டுபிடிக்க வேண்டுமா? எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுபடியும் பட்டறைக்காரன் வந்தான். கேட்டின் ஓரத்தில் ஆள் நுழைய ஒரு இடைவெளி வெட்டினான். அளவுக்கு சரசுவை நிற்க வைத்தார்கள். சரசு ஒல்லி. இப்போது பின் தெரு முழுவதும் அதில் ஜோராகப் போய் வருகிறது. பட்டாதாரனாகிய நான் மட்டும், கேட்டைத் திறந்தால் பைக் புகுந்துவிடும் என்று பயந்து, வயிற்றை எக்கிக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் போகிறேன். நேற்று சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. பின்னால் வந்த சரசு, "மூச்ச வுடாத சார், அப்டியே போ, அப்டியே போ" என்று வழி சொல்கிறாள்.

தெருவில் என்னை யாரும் இப்போது கேசவன் என்று சொல்வதில்லை. "நம்ம லாயர் பாப்பா அப்பா" என்கிறார்கள். ரேஷன் கடைத் தகராறு, மாடி வீட்டுக்காரன் தண்ணீர் ஊற்றுகிற தகராறு என்று ஆளாளுக்கு என் வாசலில் வந்து நிற்கிறார்கள். இன்னும் பரீட்சையே எழுதவில்லை, வீட்டில் கட்சிக்காரர் கூட்டம்!

ஆகவே இதனால் உனக்குச் சொல்லிக்கொள்வது: வருகிற ஞாயிறு நுழைவுத் தேர்வு. நீ சனிக்கிழமையே புறப்பட்டு வா. வந்து, வக்கீல் தொழிலில் எவ்வளவு அலைச்சல், எவ்வளவு வாய்தா, எவ்வளவு வெயில் என்று உள்ளதைச் சொல்லி, அவளை பி.காம். படிக்கச் சம்மதிக்க வை. நீ பற்ற வைத்ததை நீதான் அணைக்க வேண்டும். முடியாது என்றால் இனி இந்த வீட்டில் உனக்குப் பொங்கல் கிடையாது, கரும்பும் கிடையாது.

ஆஷாவுக்கு என் ஆசிகள். குழந்தைக்கு முத்தங்கள். உனக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
மிகுந்த கோபத்துடன்,
உன் மாமா,
மே. கேசவன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு தபால்பெட்டிக்குப் புறப்பட்டேன். வாசலில் ஒரு ஜல்லி லாரி, அதன் முன்னால் கூலிங் கிளாஸ் போட்ட ஒருவன். பின் தெருக் காலி மனையில் அடுக்குமாடி கட்டப் போகிற கம்பெனியின் மேனேஜராம். "சார், இதுல ஊரே போகுது, அப்ப இது பொது வழிதான். கேட்டைக் கழட்டிடறோம், எங்க வண்டி போகணும்" என்றான். பின்னால் ஆட்கள் ஸ்பேனரோடு நிற்கிறார்கள். பயந்துவிட்டேன் மச்சான், உன்னிடம் மறைப்பதற்கென்ன. "கொஞ்சம் இருங்க, என் வக்கீல் வரணும்" என்று சொல்லிவிட்டேன். வாயில் அதுதான் வந்தது.

தாம்பரம் பஸ்ஸிலிருந்து இறங்கி, பையும் வியர்வையுமாக வந்தாள். "நீ யாரும்மா?" என்று அவன் சிரித்தான். "அவங்கதான்" என்றேன். அவள் பையைக்கூட இறக்கவில்லை. "சார், இது பொது வழி இல்ல. இந்தத் தெருக்காரங்க நடந்து போற வழி, அவ்வளவுதான். உங்க லாரி போகணும்னா எங்கப்பா சம்மதிக்கணும். சம்மதிக்க மாட்டாரு. அவரு பெத்த பொண்ணுக்கே சம்மதிச்சதில்ல" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சம்மதிக்கவில்லை என்று தலையாட்டினேன். "பாப்பா சொல்றது கேட்டுச்சா இல்லியா? ரிவர்ஸ் எடு, ரிவர்ஸ் எடு!" என்று சரசு லாரியைத் தட்டியே பின்னால் அனுப்பிவிட்டாள்.

ஆகையால் மேலே எழுதிய எதையும் படிக்காதே. படித்திருந்தால் மறந்துவிடு. சனிக்கிழமை வர வேண்டாம், அவள் தூங்கட்டும். ஞாயிறு காலை காரோடு வா. தேர்வு மையம் நகரத்தின் அந்தக் கோடியில் போட்டிருக்கிறார்கள், பைக்கில் போனால் அவள் களைத்துவிடுவாள். வழியில் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்காதே. எந்த ஊர்க் கல்லூரியில் இடம் கிடைத்தாலும், எவ்வளவு தூரமானாலும், நானே கொண்டு போய் விட்டுவிட்டு வருகிறேன். லீவு விட்டதும் ஓடி வந்து என்னை எதிர்த்து வாதாடினால் போதும். இந்த வீட்டில் அவள் இல்லாமல் நான் யாரோடு சண்டை போடுவேன்?