முன்னாள் மாப்பிள்ளைக்கு, டாங்கிள் விஷயமாக

அன்புள்ள உங்களுக்கு,

முதலில் 'மாப்பிள்ளை' என்று எழுதி அடித்தேன். 'தம்பி' என்று எழுதிப் பார்த்தேன். பதினான்கு வருடம் மாப்பிள்ளை என்று கூப்பிட்டவரைத் திடீரென்று தம்பி என்றால் கடைக்காரரைக் கூப்பிடுவதுபோல் இருந்தது, அதையும் அடித்தேன். விவாகரத்துத் தீர்ப்பில் இனி யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். இங்கே நானும் மகளும் சுகம். மடிக்கணினிதான் கவலைக்கிடம். உங்கள் எண்ணை மகள் என் கைபேசியிலிருந்து அழித்துவிட்டாள். அதனால் நீங்கள் வேலை பார்க்கும் கணினிக் கடை முகவரிக்குத் தபாலில் எழுதுகிறேன்.

நீங்கள் என் வரைபட அலுவலகத்துக்கு முதன்முதலில் வந்ததே ஒரு டாங்கிளுக்காகத்தான். அப்போது அது தீப்பெட்டி அளவு இருக்கும். கணினிக்குப் பின்னால் திருகி வைத்தால்தான் பிளான் போடும் மென்பொருள் திறக்கும், ஒரு நாள் திறக்கவில்லை. ஐந்து நிமிட வேலைக்கு நீங்கள் மூன்று நாள் வந்தீர்கள். அந்த மூன்று நாளும் மகள் அலுவலகத்தில் இருந்தாள் என்பதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் கவனித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு இன்டர்நெட் டாங்கிள் வந்தது. சிக்னலுக்காக அதை நீள வயரில் கோத்து ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டீர்கள், மழை வந்தால் அதற்குக் குடை பிடிப்பது என் வேலை. அப்புறம் வைஃபைக்கு ஒன்று, நகம் அளவு. ஒரு தும்மல் போட்டேன், காணவில்லை, நீங்கள் வந்து சோபாவைக் கவிழ்த்து எடுத்துக் கொடுத்தீர்கள். டாங்கிள் சிறுக்கச் சிறுக்க நீங்கள் வருவது அதிகமானது, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கடைசியாக இந்த மடிக்கணினி. இதற்கு இருப்பதே ஒரு துளை. எல்லாவற்றையும் சேர்த்துச் செருக ஒரு ஹப் வாங்கி வந்து, ஒவ்வொரு ஓட்டைக்கும் மேலே சின்னச் சீட்டில் எழுதி ஒட்டி, "மாமா, இதுல மட்டும் கை வைக்காதீங்க" என்றீர்கள்.

போன மாதம் கை வைத்துவிட்டேன். அன்று மகளுக்கு வீடியோவில் வேலை நேர்காணல். அவளுடைய கணினி பழுதானதால் என்னுடையதில் பேசிக்கொண்டிருந்தாள். ஹப்பில் நீல விளக்கு விட்டு விட்டு எரிந்தது, எரிந்து கிரிந்து போகப் போகிறதோ என்று பயந்து, கேமராவில் தெரிந்துவிடக் கூடாதே என்று மேசைக்கு அடியில் தவழ்ந்து போய், மெல்ல உருவினேன். மரியாதையில் ஒரு குறையும் இல்லை, நேர்காணல்தான் போய்விட்டது. பதற்றத்தில் திருப்பிச் செருகும்போது ஹப்பின் முனையில் இருந்த பின் வளைந்தது. வீட்டுச் செருப்போடு கடைக்கு ஓடினேன். கடைக்காரப் பெண் கேட்டாள்: "ஆணா, பெண்ணா?"

"பொண்ணு. ஒரே பொண்ணும்மா."

"நான் பின்னைக் கேட்டேன் சார்."

அவள் கொடுத்த நான்கு அடாப்டர்களையும் ஒன்றோடொன்று செருகினால் முழ நீளம் வந்தது, படம் வரவில்லை. "இன்டர்வியூ பண்ணவங்க அப்பவே கிளம்பிட்டாங்கப்பா" என்றாள் மகள். திட்டவில்லை. வளைந்த ஹப்பை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவள், அந்தச் சீட்டுகளைத் தடவி, "அவர் கையெழுத்துப்பா" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

உங்கள் இருவருக்கும் சண்டை வந்தபோது நான் மகள் பக்கம் நின்றேன். பெற்றவன், வேறு எங்கே நிற்பேன்? நீங்கள் பெட்டியோடு படி இறங்கின அன்றைக்கு, "போயிட்டு வரேன் மாமா"ன்னு சொன்னீங்க. நான் பேப்பரை விரித்து முகத்தை மறைச்சுக்கிட்டு, காதுல விழாத மாதிரி இருந்துட்டேன். விழுந்துச்சு மாப்பிள்ளை. நல்லாவே விழுந்துச்சு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை வாருங்கள். ஹப்பைப் பார்க்கத்தான் வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். நான் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன், நீங்கள் இருவரும் பேசுங்கள்.

எங்கே இருந்தாலும் உடம்புக்கு ஒன்றும் வராமல் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
மாமா (வேறு எப்படிக் கையெழுத்துப் போடுவதென்று தெரியவில்லை).

பின்குறிப்பு: நான் உறை தேடிக்கொண்டிருந்தபோது மகள் இதைப் படித்துவிட்டாள். "அப்பா, போன வாரம் அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள். அனுப்பட்டுமா என்று கேட்டேன், "உங்க இஷ்டம்பா" என்றாள். ஆகவே மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், வரவும் வேண்டாம். வந்திருக்கும் பெண்ணுக்கு என் ஆசீர்வாதம். அவளுடைய அப்பாவிடமும் ஒரு கணினி இருக்கும். எங்கள் வயதில் ஒரு தடவை சொன்னால் மண்டையில் ஏறாது. அவருக்கும் அலுத்துக்கொள்ளாமல் இன்னொரு தடவை சொல்லிக் கொடுங்கள்.