கையெழுத்துக்கு ஒரு தனித் தாள்

இணையப் பக்கம் வடிவமைப்பதில் அவரை மிஞ்ச ஆபீஸில் ஆளில்லை. வீட்டில் அவரை மிஞ்சாத ஆளில்லை. இத்தனைக்கும் வீட்டில் அவரைத் தவிர இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

அந்த ஆள், அதாவது மனைவி, சனிக்கிழமை காலையில் பிரகடனம் செய்தாள்.

"இனிமே வாய்ப்பேச்சு கிடையாது. வீட்டுல உங்க வேலை என்னென்னன்னு, நீங்க நம்ம வீட்டுக்குன்னு பண்ணி வச்ச வெப் பக்கத்துல எழுதிட்டேன். பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போடுங்க. ஃப்ரிட்ஜ்ல ஒட்டணும்."

பதினாலு வேலைகள். செடிக்குத் தண்ணீர், வாசல் விளக்கு என்று முதல் ஆறு பரவாயில்லை. ஏழாவதில் பாத்திரம் வந்தது. பதினாலில் கழிவறை. ஏழிலிருந்து ஒவ்வொன்றுக்கும் கால் பக்க விளக்கவுரை வேறு.

அவர் அசரவில்லை. திரையில் ஒரே நீளமாக ஓடுகிற பக்கத்தைத் தாளில் எங்கே வெட்டலாம் என்று, பக்கத்தின் தோற்றத்துக்கு விதி எழுதும் ஸ்டைல் ஷீட்டில் குறித்துவைக்க முடியும். அச்சுக்கு மட்டும் பலிக்கிற மந்திரம் அது. திரையில் மூச்சே விடாது.

ஏழாவது வேலைக்கு முன்னால் 'இங்கே வெட்டு' என்று எழுதினார். கையெழுத்துக்கு முன்னால் இன்னொரு வெட்டு. பக்க எண்ணைத் தூக்கினார். முதல் தாளில் சுலப வேலைகள், கடைசித் தாளில் கையெழுத்து மட்டும். நடுவில் வரும் தாள்கள் ஒரு வாரத்தில் காணாமல் போகும். கேட்டால், 'அதுல என் கையெழுத்தே இல்லையேம்மா!'

சோதனைக்கு ஒரு பிரதி எடுத்தார். பத்தாவது வேலையின் விளக்கவுரையில் கடைசி வரி மட்டும் அடுத்த தாளின் உச்சியில் ஒண்டியாக உட்கார்ந்திருந்தது. தொலையப்போகிற தாள்தான். ஆனாலும் தொழில் மானம் என்று ஒன்று இருக்கிறதே! ஆபீஸ் நண்பருக்குப் போன் போட்டார்.

"ஒரு விதவை தனியா நிக்குதுப்பா. பார்க்கச் சகிக்கலை. ரெண்டா வச்சுக்கவா?"

"யாரை வச்சுக்கப் போறீங்க?" கையில் கரண்டியோடு மனைவி வாசற்படியில் நின்றாள்.

"ஐயோ, அது வரிம்மா! பத்தி உடையும்போது கடைசி வரி மட்டும் அடுத்த பக்கம் போனா, அதுக்குப் பேரு விதவை. முதல் வரி மட்டும் இங்கேயே தங்கிட்டா அநாதை. குறைஞ்சது ரெண்டு வரி சேர்ந்து இருக்கணும்னு சொல்லிடலாம்."

"வரி தனியா நின்னா உங்களுக்கு மனசு தாங்கலை. நான் தனியா நின்னு பாத்திரம் தேய்ச்சா மட்டும் தாங்குது."

அவர் அவசரமாக விதவைக்குத் துணை சேர்த்து, அச்சடித்து நீட்டினார். நாலு தாள். அவள் புரட்டினாள்.

"கையெழுத்துக்கு மட்டும் தனித் தாளா?"

"ஒரு கௌரவமா இருக்கட்டுமேன்னுதான்."

"பக்க எண் காணோமே?"

"அழகைக் கெடுக்கும்மா."

பத்திரம் எழுதும் அலுவலகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறவள் அவரை ஒரு விநாடி பார்த்தாள். பிறகு மிகவும் கனிவாகச் சொன்னாள்: "சரி, போடுங்க."

சுழித்துச் சுழித்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நடுத் தாள்களைத் தொலைக்கும் உத்தேசத்தோடு பூனை நடை நடந்து ஃப்ரிட்ஜை அடைந்தவர் திகைத்தார். ஒன்பது தாள் தொங்கியது. முப்பத்தொரு வேலை. இருபத்து மூன்று: மாமியாருக்குத் தினமும் போன் செய்து நலம் விசாரித்தல். இருபத்தெட்டு: மனைவியின் அண்ணன் ஜோக் சொன்னால் சத்தமாகச் சிரித்தல்.

"இது மோசடி! இதுல நான் எங்கே கையெழுத்துப் போட்டேன்?"

"கடைசித் தாளைப் பாருங்க. உங்க கையெழுத்துதானே?"

சுழி சுழியாக அவருடையதேதான்.

"மொத்தமே நாலு தாள்தானே இருந்துச்சு!"

"அப்படியா? எண் போடலையே, நான் என்னத்தைக் கண்டேன்? எங்க ஆபீஸ்ல பக்கத்துக்குப் பக்கம் ஏன் கையெழுத்து வாங்கறோம்னு நினைச்சீங்க? ஆனா உங்க ஸ்டைல் ஷீட் அருமைங்க. நடுவுல எத்தனை வேலை சேர்த்தாலும் கையெழுத்து பாட்டுக்குக் கடைசியில நிக்குது."

"அந்தத் தாளை இப்பவே கிழிக்கிறேன் பார்!"

"தாராளமாக் கிழிங்க. அது பதினஞ்சு நகல்ல ஒண்ணு."