ஆதிப்புள்ளியும் ஈரச்சுவரும்

ஆதிப்புள்ளியார் வீட்டு வாசலில் தொடங்கிய வரிசை தெருமுனை தாண்டி வளைந்து நின்றது. பிரபஞ்சம் பிறந்த அன்றே நம் எல்லோருடைய விதியையும் எழுதி முடித்தாயிற்றாம்! அதைப் படிக்கத் தெரிந்த ஒரே மனிதர், நல்லவேளையாக, அதே தெருவில் குடியிருந்தார்.

கூடத்துச் சுவரில் பெரிய நீள்வட்டப் படம். நீலமும் சிவப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். "இது பிரபஞ்சத்தோட ஆதி ஒளி" என்பார். அதுவரை உண்மை, விஞ்ஞானிகள் எடுத்த படம்தான். அடுத்த வார்த்தையிலிருந்து புளுகு. கண்ணை மூடிக் குச்சியால் ஒரு திட்டைத் தொடுவார். சிவப்பென்றால் யோகம், நீலமென்றால் குளிர்ப்புள்ளி, பரிகாரம். வசதியானவர்களுக்கு ஏனோ நீலமே வந்தது.

அதே தெருவில் இருந்த அக்கா தங்கை இருவரில் அக்காவுக்கும் நீலம். வயிற்றில் கட்டி, அறுவைசிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. "குளிர்ப்புள்ளிம்மா. ஆறு மாசம் கத்தி படக்கூடாது" என்றார். அக்கா ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

அச்சகத்தில் வேலை பார்க்கும் தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, அந்தப் புள்ளியெல்லாம் சூட்டுல லட்சத்துல ஒரு பங்கு ஏத்த இறக்கம். பொருள் கொஞ்சம் கூடுதலா இருந்த இடம் பக்கத்துல இருந்ததை இழுத்துச்சு. பல கோடி வருஷத்துல நட்சத்திரக் கூட்டமாச்சு. உன் வயித்தை அதுக்குத் தெரியுமா?"

"அவரு பார்த்துச் சொல்றாருடி!"

"பார்க்கிறாரா, கதை அளக்கிறாரான்னு பார்த்துடுவோம்."

இன்னும் பெரிய படம் வேண்டுமென்று ஆதிப்புள்ளியார் அந்த அச்சகத்துக்கே சொல்லியனுப்பினார். தங்கை தன் குளியலறைச் சுவரின் ஈரக்கறையைப் படமெடுத்தாள், நீலமும் சிவப்புமாக நிறமேற்றினாள், நீள்வட்டமாக அச்சிட்டுத் தானே கொண்டுபோய் மாட்டினாள்.

"ஆகா, இப்பத்தான் துல்லியமா தெரியுது!" என்றார் ஆதிப்புள்ளியார். அக்காவை அழைத்துக் குச்சியை வைத்தார். "அதே குளிர்ப்புள்ளி. இன்னும் கறுத்திருக்கு பாருங்க!"

"ஐயா, அது எங்க வீட்டுக் குழாய் ஒழுகுற இடம்."

கைப்பேசியிலிருந்த சுவரைத் தங்கை கூட்டத்துக்குக் காட்டினாள். ஓரத்தில் சோப்புப் பெட்டியும் தெரிந்தது.

அவர் குச்சியைத் தாழ்த்தினார். "சுவரும் பிரபஞ்சத்துக்குள்ளதானே இருக்கு?"

"அப்போ பிளம்பரைக் கூப்பிட்டா விதி மாறிடுமா?"

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அப்புறம் கூடமே சிரித்தது. ஆதிப்புள்ளியார் பின்வாசல் வழியே நழுவினார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "மூணு வாரத்தைப் பாழாக்கிட்டேனேடி" என்றாள். தங்கை அவள் கையைப் பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். மறுநாள் கட்டியை எடுத்தார்கள், பிழைத்தாள்.

நட்சத்திரக் கூட்டம் சேரப் பல கோடி ஆண்டு பிடித்தது. ஏமாளிக் கூட்டம் சேர ஒரே வாரம் போதும் போலிருக்கிறது. ஐயா, அம்மா, கழுத்துக்கு மேலே இருப்பது தலைவாரிக்கொள்ள மட்டுமல்ல!